சூட்டில் தெரியும் வேறுபாடு: தாவர பர்கரும் சாசேஜும்

இறைச்சிக்கு மாற்றாகத் தாவரப் பொருளில் ஒன்றைச் செய்யப் புறப்பட்டவர்களில் பெரும்பாலோர் முதலில் கைவைத்தது பர்கரிலும் சாசேஜிலும்தான். முழுத் துண்டு இறைச்சியில் நீளநீளமான தசைநார்கள், அவற்றைக் கட்டிவைக்கும் சவ்வு, ஊடே ஓடும் கொழுப்பு என்று நுட்பமான அடுக்கு ஒன்று இருக்கிறது. கொத்துக்கறியாக அரைத்ததும் அந்த அடுக்கு குலைந்துவிடும். மிஞ்சுவது சிறு நார்த்துணுக்கு, கொழுப்புத் துகள், இரண்டையும் பிடித்துவைக்கும் பசை. இந்த மூன்றையும் தாவரத்திலிருந்து எடுத்துவிடலாம். முழுத் துண்டை உருவாக்குவதுதான் இன்றும் பெரும்பாடு.

அப்படியிருந்தும் தாவர பர்கரை முதல்முறை சாப்பிடுகிறவர்கள் பலர் முகம் சுளிக்கிறார்கள். ரப்பர் போல இருக்கிறது, மாவாக இருக்கிறது, வாணலியில் உதிர்ந்துவிட்டது, பச்சைப் பருப்பு வாடை அடிக்கிறது என்பவைதான் வழக்கமான குறைகள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அடுப்பில் இருக்கிறது. இறைச்சியும் தாவரக் கலவையும் சூட்டில் நடந்துகொள்ளும் விதமே வேறு. அதைப் புரிந்துகொண்டால் கடையில் வாங்கியதையும் ஒழுங்காகச் சமைக்கலாம், வீட்டில் செய்வதையும் சீராக்கலாம்.

இறைச்சியில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். பச்சைக் கொத்துக்கறியில் உப்பைச் சேர்த்துப் பிசைந்தால் மயோசின் என்ற தசைப் புரதம் கரைந்து வெளியே வந்து பிசுபிசுக்கும். வாணலியில் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அது இறுகத் தொடங்கி, துணுக்குகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். மாட்டுக் கொழுப்பு 40 டிகிரியை ஒட்டி உருகத் தொடங்கி, மெல்லும்போது வாயை நனைக்கிறது. மேற்பரப்பில் நீர் வற்றி 140 டிகிரியைத் தாண்டும்போது பழுப்பு நிறமும் வறுத்த மணமும் பிறக்கின்றன. பிசின், கொழுப்பு, மணம் மூன்றும் சூடு ஏற ஏறத் தாமாகவே வரிசையில் வந்து சேர்கின்றன.

சோயாவிலோ பட்டாணியிலோ இந்த வரிசை கிடையாது. அவற்றின் புரதம் விதைக்குள் உருண்டையாகச் சுருண்டு கிடக்கிறது. அதை நாராக்கும் கருவிக்கு எக்ஸ்ட்ரூடர் என்று பெயர். எண்ணெய் நீக்கிய சோயா மாவில் ஏறத்தாழ 50 சதவீதம் புரதம் இருக்கும். அதை நீரோடு கலந்து, திருகாணி சுழலும் குழாய்க்குள் 130 முதல் 170 டிகிரி சூட்டில் கடும் அழுத்தத்தில் தள்ளுவார்கள். சுருண்ட புரதம் விரிந்து, நகரும் திசையில் வரிசைப்பட்டு, பக்கத்துப் புரதத்தோடு பிணைந்துகொள்ளும். குழாயின் வாயை விட்டு வெளியே வந்த நொடியில் அழுத்தம் விலகுவதால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பொங்குகிறது. மீல்மேக்கர் என்று நாம் பொதுவாகச் சொல்லும் சோயா உருண்டை பஞ்சு மாதிரி இருப்பது இதனால்தான். ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் நிறுவனம் இந்த முறையை 1960-களில் வணிகத்துக்குக் கொண்டுவந்தது. இன்னொரு வகையில் கலவையில் பாதிக்குமேல் நீரை வைத்து, குழாயின் முடிவில் நீண்ட குளிர்ப்பான் அச்சு ஒன்றைப் பொருத்துவார்கள். அதில் நீர் ஆவியாகிப் பொங்காது. ஈரமான, கிழித்தால் நார் நாராகப் பிரியும் துண்டு கிடைக்கும்.

பூஞ்சையிலிருந்து நாரைப் பெறும் வழியும் உண்டு. 1985-ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த குவார்ன், ஃபியூசேரியம் வெனனேட்டம் என்ற பூஞ்சையைத் தொட்டியில் வளர்த்துச் செய்வது. பூஞ்சை இயல்பாகவே இழை இழையாக வளர்வதால் அதற்கு எக்ஸ்ட்ரூடர் வேண்டியதில்லை.

நமக்கு முக்கியமான சங்கதி இதுதான்: எக்ஸ்ட்ரூடரிலிருந்து வரும் புரதம் ஏற்கெனவே வெந்தது. அதை எவ்வளவு பிசைந்தாலும் மயோசின் போலப் பசை விடாது. வாணலியில் சூடானாலும் புதிதாக இறுகாது. வெறும் சோயா குருணையை (மீல்மேக்கரின் பொடித்துணுக்கு வடிவம்) வில்லையாகத் தட்டிப் பொரிக்கப் பார்த்தவர்களுக்கு அது உதிர்ந்துபோனதன் காரணம் இதுவே. பசையை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும்.

அந்தப் பசைகளில் மெத்தில்செல்லுலோஸுக்கு நிகர் இல்லை. தாவரச் செல்லுலோஸை வேதியியல் முறையில் மாற்றிப் பெறும் வெண்பொடி இது. பொட்டலத்தில் ஈ461 என்ற சேர்க்கைப் பொருள் எண்ணால் குறித்திருப்பார்கள். ஜெலட்டின், அகர் போன்றவை குளிர்ந்தால் இறுகும், சுட்டால் இளகும். இது தலைகீழ். குளிர்ந்த நீரில் கரைந்து கொழகொழவென இருக்கும், 50 முதல் 60 டிகிரியை ஒட்டி இறுகிவிடும், ஆறினால் மறுபடி இளகும். சூடு ஏறும்போது அதன் மெத்தில் பகுதிகளைச் சூழ்ந்திருந்த நீர் விலகுகிறது. நீரை விரும்பாத அந்தப் பகுதிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வலையாகின்றன. மொத்த எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் போதும். பெயரைக் கேட்டுப் பலர் தயங்குகிறார்கள். நம் குடல் அதைச் செரிப்பதில்லை, அப்படியே வெளியேறிவிடுகிறது. தயக்கம் நீங்காதவர்களுக்கு மாவுச்சத்தும் கோதுமைப் பசையமும் (குளூட்டன்) இருக்கின்றன. ஆனால் சூட்டில் ‘கப்’பென்று பிடிக்கும் அந்த இறுக்கத்தை அவை தருவதில்லை.

இதனால் ஒரு பழக்கம் தேவைப்படுகிறது. இந்தப் பசை போட்ட பர்கரை அடுப்பிலிருந்து இறக்கிய ஐந்தாறு நிமிடத்துக்குள் சாப்பிட வேண்டும். ஆற ஆறப் பிடிப்பு தளர்ந்து, கடித்தால் கூழ் போலாகிவிடும். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் அப்படியே கடித்துப் பார்த்துவிட்டு, தரம் சரியில்லை என்று முடிவுகட்டுவது நியாயமாகாது. திரும்பச் சூடேற்றினால் பிடிப்பும் திரும்பும்.

கொழுப்புக்கு வருவோம். சூரியகாந்தி போன்ற திரவ எண்ணெயை மட்டும் சேர்த்தால் அது கலவைக்குள் ஊறிக் காணாமல் போகிறது. கடிக்கும்போது சாறு வடிவதில்லை. அறைச் சூட்டுக்குக் கீழே கெட்டியாக இருந்து, வாணலியில் உருகும் கொழுப்பு வேண்டும். அதனால்தான் தேங்காய் எண்ணெய் இவ்வளவு பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் அது 24, 25 டிகிரியிலேயே உருகிவிடும், மாட்டுக் கொழுப்பைவிட வெகு சீக்கிரம். வில்லை பிடிப்பதற்குள் உருகிவிட்டால் சமைக்கும்போது முழுவதும் வாணலியில் இறங்கி, வில்லை வறண்டு நிற்கும். குளிரிலேயே கலந்து குளிரிலேயே வில்லை பிடிப்பதுதான் இதற்கு ஒரே மருந்து. தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு மிக அதிகம் என்பது இன்னொரு குறை. தாவர பர்கர் தயாரிக்கும் பியாண்ட் மீட் நிறுவனம் 2024-ல் தன் பர்கரில் அதை நீக்கி அவகாடோ எண்ணெய்க்கு மாறியது இதற்காகவே.

மணமும் நிறமும் தனிக் கதை. இறைச்சியின் சிவப்புக்கும் அதன் இரும்புச் சுவைக்கும் ஹீம் என்ற மூலக்கூறு காரணம். சோயாச் செடியின் வேர்முடிச்சிலும் ஹீம் தாங்கிய புரதம் ஒன்று உண்டு, லெக்ஹீமோகுளோபின் என்று பெயர். பேட்ரிக் பிரவுன் 2011-ல் தொடங்கிய இம்பாசிபிள் ஃபுட்ஸ், அந்தப் புரதத்தின் மரபணுவை ஈஸ்டுக்குள் வைத்து வளர்த்து, 2016-ல் தன் பர்கரை வெளியிட்டது. ஹீம் சூட்டில் பழுப்பாக மாறுவதோடு, கந்தகமுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சேர்ந்து கறி மணம் ஆவதையும் முடுக்கிவிடுகிறது. ஈதன் பிரவுன் 2009-ல் தொடங்கிய பியாண்ட் மீட் பட்டாணிப் புரதத்தையும் பீட்ரூட் நிறத்தையும் நம்பியது. வீட்டில் ஹீம் கிடைக்காது. கறி மணத்தின் மூலப்பொருள்கள் மட்டும் எளிதில் கிடைக்கும். ஈஸ்ட் சாறு, சோயா சாஸ், உலர்ந்த காளான் பொடி மூன்றும் உமாமி என்ற கறிச்சாறு போன்ற சுவையைத் தருகின்றன. ஈஸ்ட் சாற்றில் தயமின் என்ற பி1 வைட்டமினும் இருக்கிறது. கறி மணத்தின் முக்கியமான சில கூறுகள் சூட்டில் தயமின் சிதைவதால்தான் பிறக்கின்றன.

கடையில் வாங்கியதைச் சமைக்கும்போது

பச்சை இறைச்சி போல ஈரமாக வரும் வகையை, உறைந்திருந்தால், ஃபிரிட்ஜில் வைத்து இளகவிட்ட பிறகு சமையுங்கள். முன்பே வேகவைத்து உறையவைத்த வகையை அப்படியே போடலாம். பொட்டலத்தில் எது என்று எழுதியிருக்கும், அதை மீற வேண்டாம். வாணலியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய், நடுத்தரத் தீ, பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம். கரண்டியால் அழுத்தக் கூடாது. உருகிய கொழுப்பு வெளியேறிவிடும், திரும்ப உள்ளே போக வழியில்லை. அடிப்பக்கம் பொரிந்து தானாக விடுபடுமுன் திருப்பினால் பாதி வாணலியில் ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் பசை இன்னும் இறுகியிருக்காது. பீட்ரூட் நிறம் நடுவில் சிவப்பாகவே நிற்கலாம் என்பதால் நிறத்தை வைத்து வெந்ததா என்று கணிக்க முடியாது. வெப்பமானி இருந்தால் நடுவில் 74 டிகிரி காட்டட்டும். இதைத் தாண்டி வேகவிட வேகவிட ரப்பர்தான்.

நீண்ட நேரம் கொதிக்கும் குழம்பிலோ சாஸிலோ சேர்ப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இறைச்சி மணிக்கணக்கில் கொதிப்பதால் மென்மையாவது அதன் சவ்விலுள்ள கொலாஜன் என்ற புரதம் மெல்ல ஜெலட்டினாக மாறுவதால். தாவரத்தில் கொலாஜன் கிடையாது. எனவே கொதிக்கக் கொதிக்க அது மேம்படுவதில்லை, நீரை உறிஞ்சி ஊதிக் குழைகிறது. தனியாகப் பொரித்து, இறக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது சேர்ப்பதே முறை.

பொட்டலத்தில் முதலில் உப்பைப் பாருங்கள். 113 கிராம் எடையுள்ள முன்னணித் தாவர வில்லை ஒன்றில் 300 முதல் 400 மில்லிகிராம் சோடியம் இருக்கும். அதே எடையுள்ள பச்சை மாட்டுக் கொத்துக்கறியில் 75 மில்லிகிராம் அளவே. (கொத்துக்கறியில் சமைப்பவர் பிறகு உப்புப் போடுவார் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.) அடுத்து வைட்டமின் பி12. தாவரத்தில் அது இல்லை, தயாரிப்பாளர் சேர்த்திருந்தால்தான் உண்டு. இறைச்சியை முழுக்க நிறுத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சோயாப் புரதம் தரத்தில் இறைச்சியை நெருங்கும். கோதுமைப் பசையத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு என்பதால் பருப்போடு சேர்த்துக்கொள்வது நல்லது. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் சிலருக்குப் பட்டாணிப் புரதமும் ஒத்துக்கொள்வதில்லை.

உடல்நலம் பற்றிப் பெரிதாகப் பேசுகிறவர்கள் காட்டும் ஆய்வு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நடந்து 2020-ல் வெளியானது. 36 பேர் எட்டு வாரம் தாவர மாற்றுகளையும் எட்டு வாரம் இறைச்சியையும் சாப்பிட்டார்கள். தாவரக் கட்டத்தில் ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்டிஎல்லும், இதய நோயோடு தொடர்புபடுத்தப்படும் டிஎம்ஏஓ என்ற பொருளும் குறைந்திருந்தன. ஆய்வுக்குப் பணம் தந்தது பியாண்ட் மீட் என்பதையும், 36 பேர் சிறு எண்ணிக்கை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வீட்டில் பர்கர்

நான்கு வில்லைக்கான கணக்கு இது. பசையிலிருந்து தொடங்குங்கள், அது குளிர நேரம் வேண்டும். 8 கிராம் மெத்தில்செல்லுலோஸ் பொடியை 20 கிராம் சமையல் எண்ணெயில் கட்டியில்லாமல் குழைத்து, ஐஸ் மிதக்கும் குளிர்நீர் 120 கிராமை ஊற்றி, மிக்ஸியில் ஒரு நிமிடம் அடியுங்கள். பொடியை நேரே நீரில் கொட்டினால் வெளிப்புறம் மட்டும் நனைந்து உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரில் கரையவே கரையாது. அடித்த கூழை ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும்.

அதற்குள் 100 கிராம் சோயா குருணையைக் கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, வடித்து, துணியில் கட்டி இறுகப் பிழியுங்கள். அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். பச்சைப் பருப்பு வாடையின் கணிசமான பகுதி அதோடு போய்விடும். ஹெக்ஸனல் போன்ற பொருள்கள்தான் அந்த வாடை, சோயாவிலுள்ள நொதி அதன் எண்ணெயைச் சிதைப்பதால் உண்டாகிறவை. பிழிந்த குருணையில் இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு தேக்கரண்டி ஈஸ்ட் சாறு, இரண்டு தேக்கரண்டி காளான் பொடி, ஒரு தேக்கரண்டி பீட்ரூட் பொடி, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள் சேர்த்துப் பிசறி, அதையும் குளிரவையுங்கள். சோயா சாஸிலேயே உப்பு இருப்பதால் தனி உப்பு 2 கிராமுக்கு மேல் வேண்டாம்.

மணம் நீக்கிய தேங்காய் எண்ணெய் 35 கிராமை முன்கூட்டியே ஃப்ரீசரில் கட்டியாக்கித் துருவிக்கொள்ளுங்கள். குளிர்ந்த குருணை, குளிர்ந்த கூழ், துருவிய கொழுப்பு மூன்றையும் கலந்து, இரண்டு நிமிடத்துக்கு மேல் பிசையாமல் ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனில் வில்லை தட்டுங்கள். கைச்சூடே கொழுப்பை உருக்கிவிடும். விரலில் எண்ணெய்ப் பளபளப்பு தெரிந்தால் நிறுத்தி, பதினைந்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்துவிட்டுத் தொடருங்கள். தட்டிய வில்லை அரைமணி நேரமாவது குளிரில் இருக்கட்டும். பிறகு நன்றாகக் காய்ந்த கனமான வாணலியில் பக்கத்துக்கு நான்கு நிமிடம்.

உதிர்ந்தால் குருணையைச் சரியாகப் பிழியவில்லை, அல்லது கூழ் முழுதாகக் குளிரவில்லை. ரப்பராக இருந்தால் பசை அதிகம், இரண்டு சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. வறண்டிருந்தால் கொழுப்பு வில்லை பிடிக்கும்போதே உருகிவிட்டது. பழுப்பு ஏறாமல் வெளிறி நின்றால் மேற்பரப்பில் ஈரம் இருக்கிறது, அதை ஒற்றி எடுத்துவிட்டு வாணலியை இன்னும் காயவிடுங்கள். கலவையில் கால் தேக்கரண்டி சர்க்கரை சேர்ப்பதும் உதவும்.

பயறு, கொண்டைக்கடலை, காளான் கொண்டு செய்யும் பர்கர் வேறு இனம். அது இறைச்சியைப் போலிருக்க முயல்வதில்லை, சொந்தச் சுவையில் நிற்கிறது. அதன் எதிரி நீர் ஒன்றுதான். வெந்த பயறை ஓவனில் 160 டிகிரியில் கால்மணி நேரம் உலர்த்தி, காளானைத் தனியே நீர் வற்ற வதக்கி, பாதியை மசித்து மீதியை முழுதாக விட்டால் கூழாகாமல் கடிக்கக் கிடைக்கும்.

சாசேஜ்

பர்கரைவிட இது கடினம், ஏனென்றால் தோல் வேண்டும். கடிக்கும்போது ‘படக்’கென்று விடுபடும் அந்த உணர்வு இறைச்சிச் சாசேஜில் குடலாலோ கொலாஜன் உறையாலோ வருகிறது. தாவரத் தயாரிப்பில் கடற்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் ஆல்ஜினேட்டை அதன் இடத்தில் வைக்கிறார்கள். சாசேஜ் கலவையோடு சேர்ந்து மெல்லிய படலமாக வெளிவந்து கால்சியம் கரைசலில் நனைந்ததும் ஆல்ஜினேட் உறைந்து உறையாகிவிடும். இந்த உறைக்குத் தாங்குதிறன் குறைவு. பெருந்தீயில் போட்டால் உள்ளே எழும் நீராவி அதைக் கிழித்துவிடும். மிதமான தீயில், உருட்டிக்கொண்டே, பத்துப் பன்னிரண்டு நிமிடம் பொறுமையாகச் செய்ய வேண்டும். முள்கரண்டியால் குத்துவது உதவாது, கிழிசல் அங்கிருந்தே தொடங்கும்.

வீட்டில் தோல் இல்லாமலே நல்ல சாசேஜ் செய்யலாம். அதற்குக் கோதுமைப் பசையம் ஏற்றது, பசையம் ஒவ்வாத சீலியாக் நோய் உள்ளவர்கள் மட்டும் இதைத் தொடக் கூடாது. வெந்த வெள்ளைக் காராமணி 100 கிராமை நன்றாக மசித்து, 220 மில்லி காய்கறி வேகவைத்த சாறு, 30 மில்லி சோயா சாஸ், 30 மில்லி எண்ணெய், பூண்டு, மிளகு, பெருஞ்சீரகம், புகைச்சுவை கொண்ட மிளகாய்ப்பொடி எல்லாவற்றையும் அதில் கலந்துகொள்ளுங்கள். 180 கிராம் பசையப் பொடியை ஒரேயடியாகக் கொட்டி, மாவு திரண்டதும் ஒரு நிமிடம் மட்டும் பிசையுங்கள். அதிகம் பிசைந்தால் பசைய வலை இறுகி, சாசேஜ் மெல்லவே வராது. காராமணி இருப்பதே அந்த வலையை ஆங்காங்கே துண்டிக்கத்தான்.

ஆறு பாகமாக்கி, ஒவ்வொன்றையும் பேக்கிங் தாளிலும் அதன்மேல் அலுமினியத் தாளிலும் இறுகச் சுற்றி, இரு முனையையும் மிட்டாய் போல முறுக்குங்கள். தளர்வாகச் சுற்றினால் வேகும்போது ஊதிப் பஞ்சாகிவிடும். கொதிநீரில் போடாமல் ஆவியில் 40 நிமிடம் வேகவைப்பதும் இதற்காகவே. நீருக்குள் குதிக்கக் குதிக்க வெந்தால் பசையம் நீரைக் குடித்துத் துளை துளையாகிவிடுகிறது.

இறக்கிய சூட்டில் வெட்டிப் பார்த்தால் ஈரமாக, மென்மையாக, வேகாதது போலத் தெரியும். அதைப் பார்த்து இன்னும் அரைமணி நேரம் ஆவியில் வைப்பவர்கள் உண்டு, அது வீண். சுற்றிய தாளோடே ஆறவிட்டு இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் வைத்தால் உள்ளே நீர் சமமாகப் பரவி, கத்தியில் சுத்தமாக வெட்டுப்படும் பதம் வரும். மறுநாள் தாளை உரித்து, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் நாலாபுறமும் பொரித்தெடுங்கள். வெளியே படியும் அந்த மொறுமொறுப்பான பழுப்புப் படலமே இங்கே தோலின் வேலையைச் செய்கிறது.